கப்பலுக்கு நல்ல சேதி மட்டும்

பென்னலூர்,
6.1.1991

கர்த்தருக்குள் அன்பான சாம்சன் அண்ணனுக்கு, தங்கை லீலா எழுதுவது. அம்மா, அண்ணி, நான் மூவரும் இங்கே சுகம். புது வருஷ ஆராதனையில் பாஸ்டர் கடலில் இருப்பவர்களுக்காக ஜெபம் பண்ணினார். அம்மா உன் பேரை உரக்கச் சொன்னாள், சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உன் சுகத்தை உடனே எழுது.

எனக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. பள்ளிக்கூட வேலையை விடவில்லை, இது அதற்கு மேல். மெட்ராஸில் ரகுபதி என்று ஒருவர் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடுகிறார். பழங்காலத்துக் கடலோடிகளைப் பற்றி ஒன்று. கொலம்பஸ், வாஸ்கோடகாமா, மெகல்லன் எல்லாரும் உண்டு. தமிழில் எழுத வேண்டியது நான். இதில் வேடிக்கை, படம் எல்லாம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. எங்கேயோ வெளிநாட்டில் மொத்தமாகக் கலரில் அடித்து, எழுத்துக்கு மட்டும் வெள்ளைக் கட்டம் விட்டு, ஒவ்வொரு பாஷைக்காரருக்கும் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி நாம் கதை சொல்ல வேண்டும். ஒரு வரி கூடினால் கப்பல் மேல் ஏறிவிடும். சட்டையைத் தைத்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற மாதிரிதான்.

நான் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. அதனால் நீ எழுது. நடுக்கடலில் என்ன வாசனை அடிக்கும்? ராத்திரி எப்படி இருக்கும்? குடிதண்ணீர் தீர்ந்தால் என்ன செய்வார்கள்? சின்னச் சின்ன விஷயமாக எழுது.

வளைகுடாவில் யுத்தம் வரும் என்கிறார்கள். அண்ணி ரேடியோ பக்கத்திலேயே படுக்கிறார்கள். மூன்றாம் மாதம், வாந்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்த வரியை வாசித்துக் காட்டியதும் அம்மாவுக்குக் கோபம். "வாந்தின்னு எழுதாதடி. கப்பலுக்கு நல்ல சேதி மட்டும்தான் போவணும். நடுக்கடல்ல கீறவன் கெட்டதைக் கேட்டு இன்னா பண்ணுவான், நீந்திகினா வருவான்?" அவள் சட்டம் உனக்குத் தெரிந்ததுதானே. இந்த வாந்தி நல்ல சேதிதான் என்று சொல்லி, வரியை அடிக்காமல் விட்டேன்.

உன் தங்கை,
லீலா

*

துபாய்,
3.2.1991

அன்பான அம்மாவுக்கும் பிரவீனாவுக்கும் லீலாவுக்கும் சாம்சன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் நல்ல சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லீலா, வழக்கம்போல எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசி.

நடுக்கடலுக்கு வாசனையே கிடையாது. மீன் நாற்றம், பாசி நாற்றம் எல்லாம் கரையுடையது. பல நாள் கழித்துக் கரை நெருங்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மூக்குக்குத் தெரிந்துவிடும். மண்ணும் புகையும் மாட்டுக் கொட்டகையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. அந்த நேரம் தூங்குகிறவன்கூட டெக்குக்கு ஏறி வந்துவிடுவான். உன் கொலம்பஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், எழுதிக்கொள்.

ராத்திரி பழகிவிட்டால் ஒன்றுமில்லை. தண்ணீர் இந்தக் காலத்தில் தீராது. அந்தக் காலத்தில் பீப்பாய்த் தண்ணீர் பச்சையாகிப் புழு நெளியுமாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்களாம்.

யுத்தம் பற்றிக் கவலை வேண்டாம். நாங்கள் சண்டை நடக்கிற பக்கமே போகவில்லை. கடல் பால் மாதிரி கிடக்கிறது. வேலை முடிந்தால் கேரம் போர்டுதான், சமையல்காரர் கன்னியப்பன் தினமும் ஏமாற்றி ஜெயிக்கிறார். பிரவீனாவை ரேடியோவை அணைத்துவிட்டு நன்றாகச் சாப்பிடச் சொல்.

சாம்சன்

*

பென்னலூர்,
12.3.1991

அன்பான அண்ணனுக்கு லீலாவின் வந்தனம். உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மண் வாசனையை அப்படியே கொலம்பஸ் பக்கத்தில் போட்டுவிட்டேன். ரகுபதி சார் அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தார். மெகல்லனின் ஆட்களிடம்தான் மாட்டிக்கொண்டேன். பசிபிக்கில் சாப்பாடு தீர்ந்து எலியைப் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். அதுவும் தீர்ந்ததும் பாய்மரத்தில் கட்டியிருந்த மாட்டுத்தோலைக் கடல் தண்ணீரில் ஊறவைத்துச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். "எலி வேணாம் மேடம், குழந்தைங்களுக்குச் சந்தோஷமா சொல்லுங்க" என்றார். தோலை மட்டும் பெரிய மனசு பண்ணி விட்டுவைத்தார்.

அண்ணி சுகம். குன்றத்தூரில் அவர்கள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே காற்று நன்றாக இருக்கும், கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அம்மாவும் சொன்னாள். வேறு சேதி இல்லை.

லீலா

*

குன்றத்தூர்,
4.4.1991

அன்புள்ள லீலாவுக்கு பிரவீனா எழுதுவது. நீ சுகமா, அத்தை சுகமா? நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டு எழுதவில்லை, அதனால் நானே சொல்கிறேன். ரத்தம் நின்றுவிட்டது. குழந்தை போன மூன்றாம் நாள் பால் கட்டியது, அதைத் துணி கட்டி நிறுத்தினார்கள். இப்போது வேலைக்குப் போகிறேன். பல்லாவரம் பக்கம் தோல் கம்பெனி, ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற லைன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கிறது.

என் தம்பி பாபு என் துணிகளை எடுக்க அங்கே வந்தபோது அத்தை சொன்னார்களாம், "சாம்சனுக்கு நல்லபடியா எழுதிட்டோம், யாரும் வாயைத் தொறக்காதீங்க" என்று. என்ன எழுதினீர்கள் லீலா? நான் வயிற்றோடு காற்று வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றா?

யுத்தம் நடந்த அத்தனை நாளும் ரேடியோவில் கடலில் கண்ணிவெடி மிதக்கிறது என்றார்கள். உன் அண்ணன் கடல் பால் மாதிரி என்று எழுதினார். நான் எதை நம்புவது? அவருக்கும் அதே சட்டம்தானே, வீட்டுக்கு நல்ல சேதி மட்டும். நீ வாசித்தாய், அத்தை சிரித்தார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரு கடிதம் வந்ததில்லை. வீட்டுக்கு ஒரு கடிதம், அதில் எனக்கு ஒரு வரி. அந்த வரியும் சாப்பிடச் சொல்கிற வரி.

அவருக்கு உள்ளதை எழுது. நானே எழுதலாம். ஆனால் அவர் என்னைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. தெரிந்தால்தானே கேட்பார்? அவருக்குத் தெரியாதவரை நான் பென்னலூருக்கு வர மாட்டேன். வந்து சிரித்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

உன் புத்தகப் படங்களை நான் கிளம்புமுன் பார்த்தேன். ஒரு படத்தில் கப்பல் புறப்படுகிறது, ஊரே கையை ஆட்டுகிறது. மூலையில் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வாங்குகிறாள். எனக்கு அவளைத்தான் பிடித்தது.

பிரவீனா

*

பென்னலூர்,
15.4.1991

அன்பான அண்ணிக்கு லீலா. அம்மாவும் நானும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு முகமில்லை, அதுதான் எழுதவில்லை. கோபப்படுங்கள், தாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவின் சட்டம் சும்மா வந்ததில்லை அண்ணி. அப்பா கப்பலில் இருந்தபோது அம்மாவுக்கு டைபாய்டு என்று யாரோ தந்தி அடித்தார்கள். அவர் பினாங்கில் யாரிடமும் சொல்லாமல் இறங்கி ஓடி வந்துவிட்டார். வந்து பார்த்தால் அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் எந்தக் கப்பலும் அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. சாகிறவரை தோல் பதனிடுகிற தொட்டிக்கு வாட்ச்மேனாக இருந்தார். இருப்புக்கொள்ளாமல் கேட்டுக்கு வெளியேயும் உள்ளேயும் நடந்துகொண்டே இருப்பார். அண்ணனுக்கும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? எனக்கு உங்கள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பயம் அதைவிட அதிகமாக இருக்கிறது.

நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. மெகல்லன் பிலிப்பைன்ஸில் சண்டையில் செத்துப்போனார். ஸ்பெயினில் அவர் மனைவி பியாட்ரிஸுக்கு அது தெரியாது. அடுத்த வருஷம் அவளும் செத்துவிட்டாள், குழந்தை அதற்கு முன்பே போய்விட்டது. அதன் பிறகுதான் ஒரே ஒரு கப்பல் ஊர் திரும்பியது. இதை எல்லாம் ரகுபதி சாரிடம் சொன்னேன். "படத்துல அவர் கொடி நடறாரு இல்ல, அதோட முடிச்சுடுங்க" என்றார்.

கொஞ்சம் பொறுங்கள் அண்ணி. அண்ணன் இறங்கும் காலம் பக்கத்தில்தான்.

லீலா

*

சிங்கப்பூர்,
1.5.1991

அன்பான அம்மாவுக்கும் பிரவீனாவுக்கும் லீலாவுக்கும் சாம்சன். நான் சுகம், நல்ல எடை போட்டிருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சுகம் என்று லீலா எழுதியதில் சந்தோஷம்.

பிரவீனா குன்றத்தூர் போனது நல்லதுதான். ஏழாம் மாசம் வளையல் போட்டுத்தானே கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கன்னியப்பன் கேட்டார். எங்கள் பக்கம் காற்று வாங்கவும் போவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

லீலா, தோல் தின்ற கதையைக் கப்பலில் சொன்னேன். அன்றைக்குக் கறி வேகாமல் இருந்ததால் எல்லாரும் உடனே நம்பிவிட்டார்கள்.

ஒரு விஷயம். என் காண்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறாயா என்று கேப்டன் கேட்கிறார். இருந்தால் நல்ல பேர் கிடைக்கும், அடுத்து பெரிய கப்பலுக்கு எடுப்பார்கள். வீட்டில் எல்லாம் நலம் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். இல்லை என்றால் வந்துவிடுகிறேன். லீலா, நீ எழுதுவதை வைத்துத்தான் முடிவு. சீக்கிரம் எழுது.

சாம்சன்

*

பென்னலூர்,
14.5.1991

அன்பான அண்ணனுக்கு லீலாவின் வந்தனம். உன் சுகம் அறிந்து சந்தோஷம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வெயில்தான் தாங்கவில்லை, மற்றபடி குறை இல்லை.

இங்கே எல்லாம் நலம். நீ கையெழுத்துப் போடலாம்.

புத்தகம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

லீலா

*

குன்றத்தூர்,
16.6.1991

லீலாவுக்கு பிரவீனா. அத்தை சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னாலே பஸ்ஸில் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அந்தக் கலவரத்தில் தபால் தங்கியிருக்கும், அதனால்தான் ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன ஞாயிறு அத்தையைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாம்சன் வந்துடட்டுமான்னு கேட்டான், லீலாதான் எழுதி தைரியம் சொன்னா, இன்னும் ஆறு மாசம் போட்டுகினான்" என்றார்கள். அவர்களுக்கு என் மேல் நிஜமாகவே பாசம். அழுதார்கள். அதனால் அவர்களை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உன்னைச் சொல்லலாம். நீ படித்தவள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அவர் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறார், நீ வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அவர் உன்னிடம் கேட்டது என்னைப் பற்றி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

இனி எனக்கு எழுத வேண்டாம். டிசம்பர் வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு என் வழியைப் பார்த்துக்கொள்வேன்.

பிரவீனா

*

பென்னலூர்,
2.7.1991

அண்ணா,

இதை வீட்டில் எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. நீ தனியாக இருக்கும்போது வாசி.

பிப்ரவரி கடைசியில் அண்ணிக்குக் குழந்தை தங்கவில்லை. ஐந்தாம் மாதம். விடியற்காலையில் வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் பாதி முடிந்துவிட்டது. அண்ணி பிழைத்ததே ஆண்டவர் செயல். குன்றத்தூருக்குக் காற்று வாங்கப் போகவில்லை, இந்த வீட்டில் இருக்க முடியாமல் போனார்கள். உனக்குச் சொல்லாதவரை திரும்ப மாட்டேன் என்று ஏப்ரலிலேயே எழுதினார்கள். நீ கையெழுத்துப் போடலாமா என்று கேட்டபோது எனக்கு இவ்வளவும் தெரியும். தெரிந்தும் நலம் என்று எழுதினேன். டிசம்பர் வரைதான் பார்ப்பேன் என்கிறார்கள். அதை வெறும் மிரட்டல் என்று நினைக்காதே.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பாய். போன வாரம் என் ஐந்தாம் வகுப்புக்கு மெகல்லன் பக்கங்களை வாசித்தேன், கொடி நடுகிறதோடு முடித்தேன். சத்யப்பிரியா என்று ஒரு குட்டி எழுந்து, "அப்புறம் அவர் வூட்டுக்கு வந்துட்டாரா மிஸ்?" என்றாள். வந்துவிட்டார் என்றேன். எல்லாம் கை தட்டின. மறுநாள் போய், நான் சொன்னது பொய், அவர் அங்கேயே செத்துப்போனார் என்று சொல்லிவிட்டேன். அழும், பயப்படும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதே குட்டி கேட்டாள், "யாரு மிஸ் போய் அவங்க வூட்ல சொன்னாங்க?" யாரும் சொல்லவில்லை, சொல்ல ஆள் வருமுன் அவர் மனைவியும் போய்விட்டாள் என்றேன். அப்புறம் கடைசி பெஞ்சில் ஒருவன், "பாவம் மிஸ், அது வரைக்கும் சோறாக்கி வெச்சிகினே இருந்திருக்கும்" என்றான்.

அந்தக் காலத்தில் சொல்ல வழி இல்லை. எனக்கு அஞ்சல் பெட்டி பள்ளிக்கூட வாசலிலேயே இருக்கிறது.

அப்பா மாதிரி குதித்து ஓடி வராதே. முறையாகக் கேட்டு இறங்க முடிந்தால் இறங்கு. முடியாவிட்டாலும் அண்ணிக்கு எழுது. எனக்கு வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம். அவர்கள் பேருக்கு, குன்றத்தூர் விலாசத்துக்கு.

லீலா

*

கொழும்பு,
11.8.1991

பிரவீனா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

லீலாவின் கடிதம் இங்கேதான் கிடைத்தது. நான் ஒன்றும் தெரியாதவன் என்று நினைக்காதே. ஏழாம் மாசம் வளையல் போடாமல் யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று மார்ச் கடிதத்தைப் பார்த்ததுமே உறுத்தியது. கன்னியப்பன் கேட்டதாக எழுதினேனே, அதைக் கேட்டது நான். நேராகக் கேட்டால் நேராகப் பதில் வந்துவிடுமோ என்று பயம். எல்லாம் நலம் என்று லீலா எழுதியதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவளைத் திட்டாதே. பாதிக்கு மேல் என் குற்றம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் கடல் பால் மாதிரி இல்லை. ராத்திரி லைஃப் ஜாக்கெட்டோடு படுத்தோம். கப்பலின் முன்மூக்கில் நின்று கண்ணிவெடி மிதக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. ஒரு நாள் கறுப்பாக உருண்டையாக ஒன்றைப் பார்த்துக் கத்திவிட்டேன், காலி டிரம். நீ ரேடியோவில் கேட்டதெல்லாம் நிஜம். நீ அங்கே பயந்தது சும்மா இல்லை.

கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிலுக்கு ஆள் கிடைத்தால் அக்டோபரில் பம்பாயில் இறக்கிவிடுகிறேன் என்றார். கிடைக்காவிட்டால் டிசம்பர்தான். பொய் சொல்லி உன்னை நம்பவைக்க மாட்டேன்.

ஆணா, பெண்ணா? நீ பார்த்தாயா? உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாரிடமும் கேட்க முடியாமல் உன்னிடம் கேட்கிறேன். உனக்கு எழுத மனசு வந்தால் எழுது.

உன்
சாம்சன்

*

குன்றத்தூர்,
5.9.1991

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்காமல் தைக்கிறேன். ஆனாலும் சுகமில்லை. நீங்களும் சுகம் என்று எழுதாததால் உங்கள் கடிதத்தை முழுக்க நம்பினேன்.

தபால்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னா எழுதிகிறாரு, படி" என்று உட்கார்ந்தார்கள். இது எனக்கு வந்தது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். கோபம்தான் அவர்களுக்கு. இருக்கட்டும்.

லீலா வந்திருந்தாள். என்னிடம் பேசப் பயந்து பாபுவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான்தான் டீ கொடுத்தேன். அச்சான புத்தகம் கொண்டுவந்தாள். மெகல்லன் செத்ததையும் பியாட்ரிஸையும் எழுதிவிட்டாள். ரகுபதி சார் மல்லுக்கட்டினாராம், அது இல்லாவிட்டால் தன் பெயரைப் போட வேண்டாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. அத்தையிடமும் உங்களுக்கு எழுதியதைச் சொல்லிவிட்டாளாம். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அத்தை அவளிடமே எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்கள்.

நீங்கள் அக்டோபரில் வந்தாலும் டிசம்பரில் வந்தாலும் முதலில் இங்கே வாருங்கள். பென்னலூர் அப்புறம். அந்த வீட்டுக்குத் திரும்புவதா என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. உங்களைப் பார்த்துத்தான் பண்ண வேண்டும்.

கேட்டீர்களே. பெண். பக்கத்தில் யாரும் இல்லை, நர்ஸ் மட்டும்தான். அவள் துணியால் மூடப் போனாள், நான்தான் பார்க்க வேண்டும் என்றேன். காது உங்களுடையதைப் போல இருந்தது. ஒரு கைக்குட்டை அளவுத் துணியில் சுற்றிக் கொடுத்தாள், பாபு கொண்டுபோய் நம் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு வந்தான். அவனுக்கு இடம் தெரியும்.

ஒரு பெயர் வைத்திருந்தேன். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். வந்து கேளுங்கள்.

பிரவீனா